ஊசி வைக்கிற கை

ஜனவரி 9, செவ்வாய்

இன்னைக்கும் பஸ்ஸுல என் பக்கத்துல யாரும் உக்காரல. ஒரு அம்மா உக்காந்துச்சு, ரெண்டு தடவ மூக்க உறிஞ்சிச்சு, அப்புறம் எந்திரிச்சுப் போய் கம்பியப் புடிச்சுட்டு நின்னுச்சு. சாக்கடை அடைச்ச வீட்டுலருந்து வர்றேன்னு நெனச்சிருக்கும். இது சாக்கடை இல்லம்மா, ஆராய்ச்சின்னு அதுக்கிட்ட எப்படிச் சொல்ல.

எங்க லேப்ல ஊத்துற தயால்ங்கற கெமிக்கல் அப்படி. அழுகின முட்டைக்கோசும் பூண்டும் சேத்து வெயில்ல வச்ச மாதிரி ஒரு நாத்தம். முடியில, நகத்துக்கடியில, பைக்குள்ள இருக்குற பிஸ்கட்ல கூட. ஹாஸ்டல்ல என் பக்கெட்டத் தனியா வைக்கச் சொல்லி வார்டன் உத்தரவு. சவம், ஆறு வருஷமா இந்த நாத்தத்தோடதான் குடித்தனம்.

செய்யுறது என்னவோ பெரிய வேலைதான். ஈயமும் கந்தகமும் சேந்த துகள், கண்ணுக்கே தெரியாத பொடிசு. குவாண்டம் புள்ளின்னு பேரு. அதோட பருமனக் கொஞ்சம் கூட்டிக் கொறச்சா அது தின்னுற வெளிச்சமும் மாறும். நம்ம கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வெளிச்சத்தக் கூட அது பாக்கும். ஆனா ஒவ்வொரு துகளும் ஒரு கொழுப்பப் போத்திட்டு இருக்கும். அது இருக்குற வரைக்கும் ஒண்ணுலருந்து இன்னொண்ணுக்கு கரண்ட் போகாது. அதக் கழட்டத்தான் தயால். சிலிக்கான் சிப் மேல ஒரு சொட்டு விட்டுச் சுத்தணும், தயால்ல முக்கணும், மறுபடி சொட்டு, மறுபடி முக்கு. சிப்புல ரெண்டு தங்கக் கோடு இருக்கும். படலம் தயாரானதும் அது ஒவ்வொண்ணுலயும் ஒரு ஊசிய வச்சு, வெளிச்சம் அடிச்சா கரண்ட் ஏறணும். ஏறுனா அது வெளிச்ச உணரி. ஏறலைன்னா குப்பை.

இத வச்சு கொப்பரை ஈரம் பாக்கலாம்னு நாச்சிமுத்து சார் ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்காரு. மேல காஞ்சு உள்ள ஈரமா இருக்குற கொப்பரையில பூஞ்சை புடிக்கும், அத நம்ம உணரி காட்டிக் குடுத்துரும்னு. சார்தான் எனக்கு கைடு. பேசும்போதே மேஜை மேல நகம் வெட்டுவாரு. வெட்டுனத ஊதி என் பக்கம் தள்ளுவாரு. நான் சிரிச்சுட்டு நிப்பேன்.

ஜனவரி 11, வியாழன்

மாதேஸ்வரி இன்னைக்கும் வந்து நின்னா. "அக்கா, கொஞ்சம் வந்து ஊசி வச்சுக் குடுங்கக்கா."

எனக்கு நாலு வருஷம் ஜூனியர். தருமபுரிக்காரி. படலம் என்னைய விட நல்லாவே போடுவா, அதச் சொல்லணும். ஆனா ஊசி வைக்கத் தெரியாது. பச்சப்புள்ளைக்குப் பொட்டு வைக்கிற மாதிரி தொட்டும் தொடாமலும் வைப்பா. கரண்ட் இருக்கா இல்லையான்னு தேடிப் பாக்குற அளவுக்கு ஏறும். நான் போய் திருகாணியத் திருகி ஊசிய நல்லா எறக்கி வச்சேன். கிடுகிடுன்னு ஏறிச்சு.

"உங்க கை கைதான்க்கா."

லேப்ல எல்லாரும் சொல்றதுதான். எனக்குக் கைராசியாம். போன ஆயுத பூஜைக்கு ஊசி மேடைக்குச் சந்தனம் பூச சார் என்னையத்தான் கூப்பிட்டாரு. நான் கோயிலுக்குன்னா மாதா கோயிலுக்குப் போறவ. இருந்தாலும் பூசினேன். பெருமையாத்தான் இருந்துச்சு.

ஆனா இவ மேல எரிச்சல் வருது. "ஏட்டி, ரெண்டு வருஷமாச்சு, இன்னும் ஒரு ஊசி வைக்கப் படிக்கலையே"ன்னு கேட்டேன். தலையக் குனிஞ்சுட்டா. அவ அப்படிக் குனியுறதப் பாத்தா இன்னும் எரிச்சல் வருது.

ஜனவரி 14, ஞாயிறு

ஊருக்கு வந்தாச்சு. தூத்துக்குடி வந்தா உப்புக்காத்துல நாத்தம் கொறையும்னு பாத்தா, அம்மா என் துணிப்பைய வாசல்லயே வாங்கி கொல்லைக்குக் கொண்டு போயிட்டா. சிஸ்டர்மார் காலேஜ்ல லெக்சரர் இடத்த ஜூன் வரைக்கும் எனக்காக வச்சிருக்காங்க. பட்டம் கைக்கு வந்தாப் போதும். அம்மா தெருவுக்கே சொல்லிட்டா. மீன் வாங்கப் போன எடத்துல "எங்க ஜெசிந்தா புரபசராகப் போறா"ன்னாளாம்.

ஜனவரி 18, வியாழன்

திரும்பி வந்தா ஹாஸ்டல் தொட்டிக்குள்ள ஒரு பல்லி செத்து ஊறிக் கெடக்கு. லீவுல யாரும் பாக்கல. அந்தத் தண்ணியிலதான் நேத்து ராத்திரி வாய் கொப்புளிச்சேன். குமட்டிட்டு வருது.

ஜனவரி 23, செவ்வாய்

ஒண்ணுமில்லாத ஒரு விஷயம். இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

சாயந்தரம் அளக்க உக்காந்தேன். ஊசி மேடை இருட்டுப் பெட்டிக்குள்ள இருக்கு, கேமராவுல பாத்துத்தான் ஊசி எறக்கணும், கேமரால எல்லாம் சாம்பல் நிறம். சிப் ஏற்கனவே மேடையில இருந்துச்சு. என்னோடதுன்னு நெனச்சு ஊசிய வச்சேன், விளக்கப் போட்டேன். எப்பவும் போல கிடுகிடுன்னு ஏறிச்சு. அழகான கோடு. குறிச்சு வச்சுட்டு பெட்டியத் தொறந்து இடுக்கியால எடுத்தா, சிப் பளபளன்னு ஊதா நெறத்துல இருக்கு. படலம் போட்டா பழுப்பா இருக்கணும்.

மாதேஸ்வரி கழுவி வச்ச வெறும் சிப் அது. ஒரு புள்ளி கூடக் கெடையாது.

சரியாக் கழுவியிருக்க மாட்டா. ஏதாவது ஒட்டியிருக்கும்.

ஜனவரி 24, புதன்

லேப்புக்குப் போகல. கோட்டு துவைச்சேன். எலுமிச்சம்பழம் போட்டு, சோடா போட்டு, மறுபடி சோப்பு போட்டு. மெஸ்ஸுல உப்புமால முடி. வேற ஒண்ணும் விசேஷமில்ல.

ஜனவரி 27, சனி

லீவு நாளு, லேப்ல யாருமில்ல. பொட்டியிலருந்து புது சிப்பா எடுத்தேன். படலம் கெடையாது, தயால் கெடையாது, கம்பெனியிலருந்து வந்தது வந்தபடி. மாதேஸ்வரி மாதிரி தொட்டும் தொடாமலும் ஊசி வச்சேன். ஒண்ணுமே வரல. அப்புறம் நான் எப்பவும் வைக்கிற மாதிரி அழுத்தி வச்சேன். வந்துச்சு.

வேற சிப். வேற ஊசி. அழுத்துனா வருது. அழுத்தலைன்னா இல்ல.

பெரிய மூளையெல்லாம் வேணாம் இதப் புரிஞ்சுக்க, முதல் வருஷப் புள்ளைங்களுக்கு நானே நடத்துற பாடம். சிப் மேல மெல்லிசா ஒரு கண்ணாடித் தோல் இருக்கு. மேல இருக்குற தங்கத்தையும் அடியில இருக்குற சிலிக்கானையும் அதுதான் பிரிச்சு வைக்குது. என் ஊசி தங்கத்தக் கிழிச்சு, தோலக் கிழிச்சு, நேரா சிலிக்கான்ல போய் குத்துது. சிலிக்கானும் வெளிச்சத்தப் பாக்குற சாமான்தான். எங்ககிட்ட இருக்குற விளக்கு டிவி ரிமோட்டு மூக்குல இருக்குற ரகம். அந்த வெளிச்சத்த சிலிக்கான் நல்லாவே பாக்கும். கொப்பரை ஈரத்தக் காட்டுற வெளிச்சம் வேற. அத சிலிக்கான் ஜென்மத்துக்கும் பாக்காது. அதுக்கான விளக்கு வாங்கச் சொல்லி சார்கிட்ட கேட்டுக் கேட்டு ஓஞ்சு போனோம்.

அப்போ மாதேஸ்வரிக்கு வர்ற அந்தக் கொஞ்சூண்டு கரண்ட் இருக்கே, அதுதான் புள்ளிங்க குடுக்குறது. எனக்கு வந்ததெல்லாம் ஓட்டை போட்டு எடுத்தது.

எல்லா அளவும் அப்படித்தான்னு சொல்ல முடியாது. சில சிப்புல லேசா வச்சிருப்பேன். வச்சிருப்பேன்னுதான் நெனக்கிறேன்.

ஜனவரி 30, செவ்வாய்

சார்கிட்ட பட்டும் படாம கேட்டேன். "சார், வெறும் சிப்ப ஒரு தடவ அளந்து தீசிஸ்ல சேத்துரலாமா? யாராவது கேட்டா காட்டலாம்ல."

நகவெட்டிய நிறுத்தல. "வெறும் எலைய எதுக்குங்க அம்மணி போட்டோ எடுக்கறீங்க? சோத்த எடுங்க, போதும். பேப்பர் வந்தாச்சு, தீசிஸ் அடிச்சாச்சு. இனி எதையும் நோண்டிட்டிருக்காதீங்க."

அப்புறம், "வெள்ளிக்கெழம மாதேஸ்வரி மீட்டிங் இருக்குது. நீங்களும் வந்துருங்க. அந்தப் புள்ளய இதுக்கு மேல வெச்சு இழுக்க முடியாது"ன்னாரு.

நான் சரின்னேன். அவரு பேசுனது அவ விஷயம். நான் கேட்டது என் விஷயம். ரெண்டையும் சேக்கக் கூடாது.

பிப்ரவரி 2, வெள்ளி

கை கழுவிட்டு வந்து எழுதுறேன். மறுபடி கழுவணும் போல இருக்கு.

மாதேஸ்வரி ஆராய்ச்சியப் பாக்குற கமிட்டில மூணு பேரு. நாச்சிமுத்து சார், எங்க துறைத்தலைவர், மதுரையிலருந்து வந்த ஒரு மேடம். யாரோட மீட்டிங்கோ அவங்கதான் சால்வை, டிபன் எல்லாம் பாக்கணும், அது இங்க எழுதாத சட்டம். மாதேஸ்வரி காலையிலயே போய் போண்டா, முந்திரி, ஸ்வீட்டுன்னு வாங்கிட்டு வந்து ஒவ்வொரு தட்டா வச்சா. தன்னையத் துரத்தப் போறவங்களுக்குத் தானே சட்னி ஊத்துனா. அவளுக்கு அது தெரியும். "இன்னும் கொஞ்சம் வைக்கட்டுங்களா சார்"னு கேட்டுக் கேட்டு ஊத்துனா.

அவ படத்தப் போட்டு விளக்குனா. எவ்வளவு கொஞ்சமா வருதுன்னு மறைக்காமச் சொன்னா. தலைவர் வாய் நெறைய போண்டாவோட, "ஏம்மா, உனக்குக் கோலம் போட வருமா? கை நடுங்குமா?"ன்னு கேட்டாரு. சொல்லும்போது தட்டு மேல தெறிச்சது. மேடம் சிரிச்சாங்க. மாதேஸ்வரியும் சிரிச்சா, பாவம், சிரிக்கணும்னு நெனச்சுக்கிட்டா.

அப்புறம் சார், "சிப் மேல குத்தமா கை மேல குத்தமான்னு இப்பவே பாத்துருவோமுங்க"ன்னு எல்லாரையும் லேப்புக்குக் கூட்டிட்டு வந்தாரு. அவளோட சிப்ப மேடையில வச்சாரு. "அம்மணி, நீங்க வைங்க."

அவ என்னையப் பாத்தா. கெஞ்சுற பார்வை. எதுக்குக் கெஞ்சுனான்னா, வரணும்னு. அவ சிப் நல்ல சிப்புன்னு நிரூபணமாகணும்னு கெஞ்சுனா.

லேசா வைக்கலாம்னுதான் கைய எடுத்துட்டுப் போனேன். லேசா வச்சா எனக்கும் கிடுகிடுன்னு வராது. வரலைன்னா ஏன் வரலைன்னு கேப்பாங்க. கேட்டா, ஜூன், அம்மா, மீன்காரி வரைக்கும் எல்லாம் வரிசையா மனசுல வந்து நின்னுச்சு. கை தானா திருகுச்சு. கை தானா எல்லாம் திருகாது. நான் திருகினேன்.

கிடுகிடுன்னு ஏறிச்சு. மேடம் கை தட்டுனாங்க. தலைவர், "கைராசின்னா இதுதான்யா"ன்னு எண்ணெய்க் கைய என் தோள்ல வச்சாரு. சார் மாதேஸ்வரி பக்கம் திரும்பி, "பாத்தீங்கல்ல? சிப் நல்ல சிப்பு. அடுத்த வெள்ளிக்குள்ள 'சொந்தக் காரணங்களால் விலகுறேன்'னு ஒரு லெட்டர் குடுத்துருங்க. நீக்குனோம்னு எழுதுனா உங்களுக்குத்தான் கஷ்டம்"னாரு.

அவ தட்டெல்லாம் எடுத்துட்டுப் போய் கழுவி வச்சா. நான் உதவிக்குப் போகல.

பிப்ரவரி 4, ஞாயிறு

மாதா கோயில் பூசைக்குப் போனேன். நன்மை அப்பம் வாங்க எந்திரிக்கல. தலைவலி.

பிப்ரவரி 6, செவ்வாய்

மத்தியானம் மாதேஸ்வரி தன் மேஜையக் காலி பண்ணிட்டு இருந்தா. கையுறை டப்பா ரெண்டு மிச்சம் இருந்துச்சு, அத எனக்குன்னு எடுத்து வச்சிருந்தா. மாமா ஒருத்தரு அரூர்ல ஸ்கூல் நடத்துறாராம், அங்க லேப் அசிஸ்டெண்ட் வேலை இருக்காம். "அங்க ஊசியெல்லாம் வைக்க வேணாம்க்கா, பாட்டிலத் தொடச்சு வச்சாப் போதும்"னு சிரிச்சா.

அப்புறம் மெதுவா, "அக்கா, போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவ சொல்லிக் குடுங்களேன். எங்க தப்புப் பண்றேன்னு தெரிஞ்சுட்டா மனசு ஆறும். வீட்ல எங்கம்மா, உனக்குக் கையே வெளங்காது, சின்ன வயசுலருந்தே அப்படித்தான்னு சொல்லுது. எனக்கும் அப்படித்தான் போலன்னு தோணுது"ன்னா.

அவ அவளோட கைய விரிச்சு வச்சுப் பாத்துட்டு இருந்தா.

பொட்டியிலருந்து ஒரு வெறும் சிப்ப எடுத்து, அவளுக்குத் தெரியாமலே மேடையில வச்சுப் பெட்டிய மூடினேன். "வை"ன்னேன். அவ வழக்கம் போல தொட்டும் தொடாமலும் வச்சா. "அழுத்து"ன்னேன். "தங்கம் கீறிடும்க்கா." "கீறட்டும். அழுத்து. இன்னும். ரெண்டாவது ஊசியையும்." விளக்கப் போடச் சொன்னேன்.

கிடுகிடுன்னு ஏறிச்சு.

அவ என் கையப் புடிச்சுக்கிட்டா. "வந்துருச்சுக்கா, எனக்கு வந்துருச்சு, என் கையில வந்துருச்சு"ன்னு அழுதுட்டே சிரிச்சா. "இவ்வளவுதானா? அழுத்தணும், அவ்வளவுதானா? இத சார்கிட்ட இப்பவே காட்டிட்டா லெட்டரு குடுக்க வேணாம்லக்கா?" கண்ணத் தொடைக்கக் கூட இல்லாம போனத் தேடுனா, அவங்கம்மாவுக்குச் சொல்ல.

நான் வாழ்க்கையில பாத்ததுலயே அருவருப்பான சந்தோஷம் அதுதான். அவ சந்தோஷத்துல ஒரு அழுக்கும் இல்ல, அதுக்குப் பக்கத்துல நான் நின்னேனே, அது.

"பெட்டியத் தொற"ன்னேன்.

தொறந்தா. இடுக்கியால எடுத்து வெளிச்சத்துல புடிச்சா. ஊதா நெறத்துல மின்னுச்சு. திருப்பிப் பாத்தா. படிச்ச புள்ள, என்னைய விட வேகமாவே கணக்கு ஓடியிருக்கும். அப்புறம், "எப்பலருந்து தெரியும்?"னு கேட்டா.

"பொங்கல் முடிஞ்ச வாரத்துலருந்து."

"அப்போ மீட்டிங்குக்கு முன்னாடி."

"ஆமா."

"என் சிப்புல வச்சப்ப தெரிஞ்சேதான் வச்சீங்க."

"ஆமா."

புடிச்சிருந்த கைய விட்டா. திட்டுவான்னு நெனச்சேன், அடிச்சிருந்தா கூட வாங்கியிருப்பேன். மூஞ்சியச் சுளிச்சா. பஸ்ஸுல அந்த அம்மா சுளிச்ச மாதிரிதான், ஆனா அது நாத்தத்துக்கு. "சார் ரூம்ல இருக்காரு. போய்ச் சொல்லுங்க. நான் வெளிய நிக்கிறேன்"னா.

போனேன். எல்லாத்தையும் சொன்னேன். சார் எதுவும் குறுக்க கேக்கல. அளந்து காட்டவான்னேன். வேண்டாம்னாரு. "மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் வெச்சுக் காட்டிப்போட்டு, இன்னைக்கு என்னத்துக்குங்க அம்மணி யோக்கியம் பேசறீங்க? உங்க தீசிஸ் போயிரும். தூத்துக்குடி வேலை போயிரும். என் பேரும் போகும். அந்தப் புள்ளைக்கு என்ன, எங்கியாச்சும் ஒரு வேலை கெடைச்சிரும். யோசிச்சுப் பாருங்க."

வெறும் சிப்புல எப்படி வந்துச்சுன்னு ஒரு தடவ கூட அவரு கேக்கல. முன்னாடியே தெரிஞ்சிருக்கு, இல்ல தெரிஞ்சுக்க வேண்டாம்னு இருந்திருக்காரு. யோக்கியம் பத்தி அவரு சொன்னது மட்டும் சரி.

மேஜை மேல வெட்டுன நகம் கெடந்துச்சு. எப்பவும் சிரிச்சுட்டு நிப்பேன். இன்னைக்கு, "நீங்களும் நானும் சேந்து ஒரு புள்ளயோட கைய வெட்டப் பாத்தோம் சார்"னு சொல்லிட்டு வந்துட்டேன். சொல்ல எனக்கும் தகுதி இல்லதான்.

ராத்திரிக்குள்ள கமிட்டில மூணு பேருக்கும், பேப்பர் போட்ட பத்திரிகைக்கும் மெயில் அனுப்பிட்டேன். வெறும் சிப் அளந்த படத்தையும் சேத்து. அம்மாவுக்கு இன்னும் சொல்லல.

பிப்ரவரி 8, வியாழன்

மதுரை மேடம் போன் பண்ணாங்க. ஒரே சத்தம். தட்டுன கைய இப்ப எங்க கொண்டு வைக்கிறதுன்னு அவங்களுக்குக் கோவம். கோவப்படட்டும். கடைசில, மாதேஸ்வரி லெட்டர் குடுக்க வேண்டாம், அவ அளவெல்லாம் மறுபடி பாக்குறோம்னு சொன்னாங்க. என்னோடது பத்தி "அது தனியா விசாரிப்பாங்க"ன்னு மட்டும்.

சிஸ்டர்மார் காலேஜுக்கு நானே எழுதிட்டேன், ஜூனுக்கு வர முடியாதுன்னு. அம்மாகிட்டயும் சொல்லியாச்சு. "தெருவுல என்னட்டி சொல்லுவேன்"னு ஒரு தடவ கேட்டா.

பிப்ரவரி 9, வெள்ளி

காலையில லேப்புக்குப் போனேன். மாதேஸ்வரி மேஜையில அவ சாமானெல்லாம் திரும்ப வந்திருந்துச்சு. என் மேஜையில அந்த கையுறை டப்பா ரெண்டையும் காணோம். எடுத்துக்கிட்டா போல. நல்லது, அவளுக்குத்தான் வேணும்.

அவ அளந்துட்டு இருந்தா, அவளோட படலம், அவளோட லேசான கை. திரையில கோடு தரையோட தரையா போயிட்டு, வெளிச்சம் பட்டதும் கொஞ்சமா எழும்பிச்சு. பாக்கணும்னு தேடுறவங்களுக்கு மட்டும் தெரியுற அளவு. விளக்க அணைச்சா எறங்குது, போட்டா எழும்புது. பத்து தடவ போட்டாலும் அதே மாதிரி. ஆறு வருஷமா நான் பாத்திருக்க வேண்டியது இது.

"நல்லா வருது"ன்னேன்.

அவ திரையிலருந்து கண்ண எடுக்கல. முடிச்சுட்டு, பெட்டி மேல கைய வச்சுக்கிட்டு, ரொம்ப மரியாதையாக் கேட்டா.

"மேடம், உங்க சிப் ஏதாவது அளக்கணுங்களா? இல்லைன்னா நான் ஊசிய எடுத்துடறேன்."

ரெண்டு வருஷத்துல முதல் தடவையா மேடம்ங்கறா.

"எடுத்துரும்மா"ன்னேன்.